கூப்பிடு தூரம்

இருட்டின பிறகு அந்தச் சத்தம் முதல் தடவை கேட்டபோது நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டின் பின்பக்கம். யாரோ பெரிய மனிதர் விருந்தில் ஏப்பத்தை அடக்கப் பார்த்து, பாதியை அடக்கி, மீதியை விட்டுவிட்டது போன்ற சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே.

நான் பயந்த சுபாவம். கான்வென்ட்டில் சிஸ்டர் பெனிக்னா எங்களுக்கு நரகத்தைப் பற்றிப் பாடம் எடுத்த நாளிலிருந்து நான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியது கிடையாது. ஆக்னஸ் பிறந்ததும் வேலை இரட்டித்துவிட்டது. முன்பு எனக்காக மட்டும் பயந்தேன். இப்போது அவளுக்காகவும் பயப்பட வேண்டியிருக்கிறது. அவளோ எதற்கும் பயப்படுகிற குழந்தை இல்லை. அவள் பங்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

போதாததற்கு வீடு ஊருக்கு வெளியே, சதுப்பின் ஓரத்தில். பின்கதவுக்கு அப்போது தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கொக்கி இருந்தது. அதை ரக்கூன் என்கிற திருட்டுக் காட்டுப் பிராணி ஒன்று மூக்காலேயே தூக்கிவிட்டு உள்ளே வந்து சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனது. வசந்தத்தில் இங்கே குடிவந்தபோது என் கணவன் ராய்ஸ் நல்ல இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தான். அட்டையில் ஒட்டியது ஒட்டியபடி அது சமையலறை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. கோடை முழுக்க அங்கிருந்து தோட்டத்தை வேடிக்கை பார்த்தது. அப்புறம் பனியைப் பார்த்தது. நான் ராத்திரியில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

பயத்தோடு எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஆவல். அது என்ன என்று தெரியாமல் இருக்க முடியாது. பயமும் ஆவலும் சேர்ந்தால் ஆள் எங்கே போவாள்? டார்ச்சையும் வாணலியையும் எடுத்துக்கொண்டு, மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு, விறகுக் கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் ராய்ஸ். வாயில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் குழல்.

"பயந்துட்டியா?" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பேய்க்கு அஜீரணமோன்னு நெனச்சேன்."

"இது கலைமான் போடுற சத்தம். இதைக் கேட்டா இன்னொரு கலைமான், யார்ரா அதுன்னு சண்டைக்கு வரும்."

"வந்தது நானில்ல?"

"நீயே வந்துட்டே. மான் வராதா?"

மான் வருவது இருக்கட்டும், தாழ்ப்பாள் எப்போது கதவுக்கு வரும் என்று கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றான்.

விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வார்த்தைகளுக்குமேல் அப்பீல் கிடையாது. நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். அந்த ஒன்பது நாளும் இங்கே யாருக்கும் பல் வலிக்காது, கூரை ஒழுகாது, கல்யாணம் நடக்காது. எல்லாம் சீசன் முடிந்த பிறகு. ஆக்னஸ் ஏப்ரலில் பிறந்ததற்காக என் மாமனார் ஃப்ளோரியன் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். "ரொம்பப் பொறுப்பான பொண்ணு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

ஒன்பது நாளும் ராய்ஸும் மாமாவும் காட்டுக்குள் ஒரு மரக்குடிசையில் போய்த் தங்குவார்கள். சீட்டாட்டம், பிராந்தி, பொரித்த கொத்துக்கறி. குளியல் கிடையாது. பெண் வாடை படக்கூடாது. அங்கே ஒரு பழக்கம். மானைச் சுட்டுக் குறி தவறினால், தவறினவனுடைய சட்டையின் பின்பக்கத்து வாலை மாமா கத்திரிக்கோலால் வெட்டி, பேரெழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார். போன வருஷம் அந்தச் சுவருக்குப் போனது ராய்ஸின் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. நான் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த சட்டை. அன்றைக்கே சபதம் செய்துவிட்டானாம்: அடுத்த வருஷம் ஒன்றில்லை, இரண்டு கலைமான்.

அரசாங்கம் குறுக்கே நின்றது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு கலைமான். செத்த மானின்மேல் அந்தச் சீட்டைக் கட்டியாக வேண்டும்.

"அதான் உன் பேர்ல ஒரு லைசென்ஸ் எடுக்கப்போறேன்" என்றான் ராய்ஸ், கொட்டகையிலேயே.

எட்டுக்கால் பூச்சியைக்கூடத் தம்ளரில் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுகிறவள் நான். அதைச் சொன்னேன்.

"யாரு உன்னைச் சுடச் சொன்னா? சுடுறது நான். நீ வீட்ல நிம்மதியா இரு. சீட்டை மட்டும் என்கிட்ட குடு."

"நிம்மதியா. நாற்காலியோட."

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான், பெர்னி."

அது உண்மை. கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்துப் பெண்களைப் போல வேட்டையாடுகிறவர்கள் உலகத்திலேயே கிடையாது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ராய்ஸின் ஜெனவீவ் அத்தை சக்கர நாற்காலியை விட்டு இறங்கிப் பல வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒரு கலைமான் தவறியதில்லை. குறி அவ்வளவு சுத்தம்.

ஆனால் வயசானவர்களைப் போல என் வயசுக்காரர்களுக்கு லைசென்ஸ் சும்மா கிடைக்காது. பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். ராய்ஸே என்னைக் காரில் கொண்டுபோய் விட்டான். அவன் செய்த தப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். நாற்காலியும் அவர்கள் அளவு. கையில் விதிப்புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

என்ன புத்தகம் அது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். கீழே வைக்க மனசு வரவில்லை. பொழுது எப்போது விடிகிறது, எப்போது சாய்கிறது என்று அரசாங்கமே அட்டவணை போட்டிருக்கிறது. அதற்கு ஒரு நிமிஷம் முந்திச் சுட்டால் குற்றம். சூரியன் எதிரே நின்று சாட்சி சொன்னாலும் எடுபடாது. கொம்பு மூன்று அங்குலம் இருந்தால்தான் கலைமான் சீட்டு செல்லும். குறைந்தால், மான் எவ்வளவு மீசை முறுக்கினாலும் அரசாங்கக் கணக்கில் அது பெட்டையோடு சேர்த்தி. மூன்று என்று யார் முடிவு செய்திருப்பார்கள்? இரண்டரைக்கு வாதாடின ஒருவர் இருந்திருப்பாரா? அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் ஆக்னஸ் தூங்கிப்போனதுகூடத் தெரியாது.

சிஸ்டர் பெனிக்னாவிடம் ஞானோபதேசம் படித்தவர்களுக்குக் கேள்வி பதில் ஒன்றும் கஷ்டமில்லை. பரீட்சையில் ஒரு மார்க்கூட விடவில்லை. பக்கத்து நாற்காலிப் பையன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

சீசனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ராய்ஸ் மூட்டை கட்டினான். தடிச்சட்டை, கொத்துக்கறி டப்பா, புதுக் குழல். கடைசியாக என் முன்னால் கையை நீட்டினான். சீட்டு.

நான் ஆக்னஸைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இன்னொருத்தர் சீட்டுக்காகச் சுட விதி அனுமதிக்கிறது என்றேன். அவன் முகம் மலர்ந்தது. ஆனால் சீட்டுக்காரரும் அதே கூட்டத்தில் வேட்டையில் இருக்க வேண்டும் என்றேன். மலர்ந்தது கொஞ்சம் வாடியது. சுடுகிற நேரத்தில் ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

"குடிசை எட்டு மைல்" என்றான்.

"நீ கத்தினா எனக்குக் கேக்கணும். வாயால கத்தணும். கருவி எதையும் வெச்சுக்கிட்டுக் கூப்பிடக்கூடாது. காது மிஷினுக்கு மட்டும் விலக்கு."

"இதெல்லாம் எவன் பாக்கப்போறான்?"

யார் பார்க்கப்போகிறார் என்று போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அவனே சொல்லியிருந்தான். கவுண்டிக்குப் புதிதாக வேட்டை விதிகளைக் கண்காணிக்கிற வார்டன் ஒருவர் வந்திருக்கிறார். வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பாராட்டுகிறாராம். ஜெனவீவ் அத்தையிடம் போய், தொப்பியைக் கழற்றி, நீங்கள் சுடுவது இடக்கையாலா வலக்கையாலா என்று மரியாதையாகக் கேட்டாராம். அத்தை பதில் சொல்லாமல் அழுதுவிட்டாராம்.

"என் சீட்டு உன் பையில இருந்தா, போறது என் லைசென்ஸ் மட்டும் இல்ல, ராய்ஸ். உன்னதும் போயிடும். அப்புறம் வருஷக்கணக்குல சீசனே கிடையாது."

அவன் உட்கார்ந்துவிட்டான். மூட்டைமேலேயே.

பிறகு ஒரு யோசனை சொன்னேன். நானும் குடிசைக்கு வருகிறேன். தொட்டில், பால்புட்டி, துணிகாயப்போடக் கொடி, எல்லாம் வண்டியில் பிடிக்கும்.

அவன் உடனே அப்பாவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் மாமா கேட்டது எனக்கே கேட்டது. காது மந்தமானவர்கள் போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். "தொட்டிலா?"

வேறு வழி இல்லையா என்று அப்பாவும் பிள்ளையும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் குறுக்கே பேசவில்லை. அடுப்பில் ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சதுப்பு இருக்கிறது, ஆப்பிள் மரத்துக்கு மான் வருகிறது, அங்கேயே பரண் கட்டினால் பெர்னி பின்வாசல்படியில் உட்கார்ந்தாலும் கூப்பிடு தூரம்தானே என்று மாமா கண்டுபிடிப்பதற்குள் ஏறக்குறைய பை வெந்துவிட்டது. அவராகக் கண்டுபிடித்தார். மாமாவுக்கு இடுப்பு வலி வேறு. உள்ளே கக்கூஸ் இருக்கிற இடத்தில் வேட்டையாடுவதில் ஒரு சௌகரியம் இருப்பதாக அவரே ஒத்துக்கொண்டார்.

ஆக, ஒன்பது நாளும் அவர்கள் இங்கேதான். பாதி பயம் போயிற்று. மீதிப் பாதி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் விடிவதற்கு முன்பே ராய்ஸ் பரணில் ஏறிவிட்டான். மாமா சதுப்பின் அந்தப் பக்கம். நான் ஆரஞ்சுக் கோட்டு போட்டு, முதுகில் லைசென்ஸ் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, இரவல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, வாசல்படியில். குழந்தை எனக்குப் பின்னால் சமையலறைத் தொட்டிலில். சுடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை. சும்மா குளிரில் உட்கார்ந்து ஒன்றையும் சுடாமல் எழுந்து வருவதுதான் வேட்டை என்பதைப் போன வருஷம் வரை ராய்ஸே நிரூபித்திருக்கிறான்.

மதியம் வார்டன் வந்தார். இளவயசு. பூட்ஸை வாசலிலேயே தட்டிவிட்டு என் லைசென்ஸைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார்.

"உங்க கூட்டத்துல யார் யாருங்க, மேடம்?"

சொன்னேன்.

"உங்க சீட்டுக்கு உங்க வீட்டுக்காரர் சுட்டுட்டார்னு வைங்க. அப்புறம்?"

"நான் வந்து சீட்டைக் கட்டுற வரைக்கும் அவர் மானை விட்டு நகரக்கூடாது. நான்தான் கட்டணும். கட்டாம மானையும் நகர்த்தக்கூடாது."

அவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கவுண்டியில் இதுவரை யாரும் இதைத் தப்பில்லாமல் சொன்னதில்லை என்றார். இருட்டுகிற நேரம் இந்த ரோடு வழியாகத்தான் திரும்புவேன், பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். பரணில் ராய்ஸின் ஆரஞ்சுத் தொப்பி அவர் வண்டி போன திசையிலேயே வெகுநேரம் திரும்பியிருந்தது.

சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. குழல் மட்டும் அவ்வப்போது ஏப்பம் விட்டது. நேரம் முடியப்போகிற சமயத்தில் ஒரு வெடி. நான் துள்ளி எழுந்துவிட்டேன். ஆக்னஸ் அசையவே இல்லை.

"பத்துக் கிளை!" என்று ராய்ஸ் கத்தினான். "அப்பா, பத்துக் கிளைக் கொம்பு!"

சதுப்பின் அந்தக் கரையிலிருந்து மாமா ஊளையிட்டார். ராய்ஸ் பரணிலிருந்து இறங்கிப் புதருக்குள் போனான். பிறகு அமைதி. ரொம்ப நேரம் அமைதி. அந்த அமைதியில் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்வது எனக்குக் கேட்டது.

"பெர்னி." இப்போது குரல் இறங்கியிருந்தது. "உன் சீட்டை எடுத்துக்கிட்டு வா."

"எத்தனை கிளை?"

"வந்து பாரேன்."

நான் போகவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டேன். மாமா நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். வருகிற வழியில் மானைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சிரிப்பை மீசைக்குள் வைத்திருந்தார். முயலைவிடக் கொஞ்சம் பெரிசு என்றார். கிளை எல்லாம் பின்னால் இருந்த செடியுடையதாம். கொம்பு இரண்டு குச்சி, மூன்று அங்குலத்தைத் தொட்டுவிட்டு நிற்கிறது. ராய்ஸ் தன் சொந்தச் சீட்டை நாளைக்கு வரப்போகிற நிஜப் பத்துக்கிளைக்காக வைத்திருக்கிறான். இது என் பேரில்.

"சீக்கிரம் போம்மா. ரோட்டுல வண்டி வெளிச்சம் தெரியுது. அவனால நகர முடியாது."

"போறேன் மாமா. குழந்தையை எப்படி விட்டுட்டுப் போறது? கதவைப் பாருங்க."

மாமா பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். முட்டுக்கொடுக்கிற நாற்காலியில் தான் உட்காரப் போனதை நிறுத்திக்கொண்டு அதையும் பார்த்தார்.

"தாழ்ப்பாள் போட்டாச்சுன்னு சொன்னானே?"

"போட்டான். ஜன்னல் விளிம்புல."

குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக மாமா சொன்னார். இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள், டிசம்பரில் யார் இருப்பார் என்று கேட்டேன். தினமும் இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே படுக்கிறேன், ஏழு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்போது சிரிப்பு தீர்ந்துவிட்டிருந்தது. கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

மாமா காது மிஷினைத் திருகிச் சரிசெய்துகொண்டார். என்னையும் அந்தப் பொத்தானையும் மாறிமாறிப் பார்த்தார்.

"திருப்புளி எங்கே இருக்கு?" என்றார்.

வெளியே ராய்ஸ் கத்திக்கொண்டிருந்தான். நான் படியில் நின்று பதில் கொடுத்தேன். கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன், விதியில் ஒரு குறையும் இல்லை.

"வர்றியா இல்லையா?"

"தாழ்ப்பாள் ஏறிக்கிட்டு இருக்கு. ஏறினதும் வர்றேன்."

"இப்பவா? சீசன் முடியட்டும்னு சொன்னேனே?"

"அவசரம்னா உன் சீட்டையே அதுல கட்டிட்டு வந்துடு. யாரும் தடுக்கல."

தன் சீட்டைக் கட்டினால் அவன் பேரில் அந்தக் குச்சிக்கொம்புதான் நிற்கும். நாளைக்கு வரப்போகிற பத்துக்கிளை என் சீட்டில் போய்விடும். கட்டாமல் நகர்ந்தால் ரோட்டில் வார்டன். அந்த வண்டியின் விளக்கு வேறு வேலியோரம் வந்து நின்று, அணையாமல், யாரையோ எதிர்பார்ப்பது போல இருந்தது.

கதவு பழைய ஓக் மரம். திருகாணி லேசில் இறங்கவில்லை. மாமா நிதானமான வேலைக்காரர். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வாய் காப்பி, ஒரு விள்ளல் ஆப்பிள் பை. நடுவில் என் தையல் பெட்டியில் கத்திரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செடியைப் பார்த்துப் பத்துக் கிளை என்று கத்தினவனுக்கும் சட்டை வால் போக வேண்டும் என்று அவர் சட்டத்தில் இருக்கிறதாம். ராய்ஸின் குரல் முதலில் கோபத்தில் உயர்ந்தது, பிறகு கெஞ்சியது, கடைசியில் கட்டிப்போய்க் காற்றாக வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"சரி, போட்டுப் பாரும்மா" என்றார் மாமா.

கதவைச் சாத்தித் தள்ளினேன். இரும்பு இரும்பில் போய் உட்கார்ந்தது. நாற்காலியை எடுத்து மேஜைக்கடியில், அது இருக்க வேண்டிய இடத்தில் போட்டேன்.

அப்போதுதான் சதுப்புப் பக்கமிருந்து அந்தச் சத்தம். பாதி அடக்கி, மீதியை விட்ட ஏப்பம். ரொம்பப் பரிதாபமாக, விட்டுவிட்டு.

மாமா காதைச் சாய்த்தார். "கலைமானா?"

"இல்ல மாமா. ராய்ஸ்."

"உன்னைத்தான் கூப்பிடுறான்போல."

"கருவி வெச்சுக் கூப்பிட்டா கணக்குல சேராது, மாமா" என்றேன். அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தாழ்ப்பாளை ஒரு தடவை நீக்கி, மறுபடி உள்ளேயிருந்து போட்டுப் பார்த்தேன்.